பத்து விநாடி வாசல்

மனிதர்களில் உள்ளே போகாத இனம் என்று ஒன்று இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டம் போடக் கிளம்பி, வேலிக்குச் சாயம் அடித்துக்கொண்டே மூன்று மழைக்காலத்தைக் கழித்தவர். ஓடப் போகிறேன் என்று ஷூ வாங்கி, அந்த ஷூவுக்குப் பொருத்தமான கயிறு தேடித் தேடியே கால் வலி கண்டவர். பாட்டு கேட்க உட்கார்ந்து, ஸ்பீக்கரை ஒரு சாண் இப்படியும் அரைச் சாண் அப்படியும் நகர்த்தி, ஊர் அடங்கியதும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தவர். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஓயாமல் உழைக்கிற ஜனங்கள். என்ன, வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்வார்கள்.

இந்த இனத்தில் அண்மையில் ஒரு புதுக் கிளை தழைத்திருக்கிறது. அதற்குப் பூட் மெனு அலங்காரி என்று பெயர்.

பூட் மெனு என்றால் பயப்பட வேண்டாம். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு சிஸ்டத்தைக் குடி வைக்கலாம், ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருக்கிற மாதிரி. பட்டனைத் தட்டினதும் அந்தப் பெட்டி வாசலில் நின்று, “யார் வீட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்கும். நாலைந்து வரி. ஏற இறங்க அம்புக்குறி, போக என்டர். பத்து விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் முதல் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிட்டு நகர்ந்துவிடும். இவ்வளவுதான் சமாசாரம். வருகிறவர்கள் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். விரல் போகும், கண் போகாது.

இந்தப் பத்து விநாடிக்கு ஒரு மனிதர் மூன்று வருஷம் செலவழித்தார் என்றால் நம்புவீர்களா?

அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பழுது பார்ப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் முகப்பார். அந்தப் பெயர் வந்ததில் அவர் தப்பு பாதி, வம்சத்தின் தப்பு பாதி. அவருடைய அப்பாவுக்குச் சித்தப்பா ஒருத்தர், இரண்டாம் தாரத்துப் பிள்ளை, சைக்கிள் கடை வைக்கிறேன் என்று பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்தார். சக்கரத்தை ஆரத்தோடு வரைவதா ஆரமில்லாமல் வரைவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் எதிர்ச்சாரியில் வேறொருத்தன் கடை திறந்து, பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணிவிட்டான். அந்தச் சித்தப்பாவின் மூத்த மகள், முகப்பாருக்கு அத்தை முறை, பிரிந்துபோன தங்கைக்குக் கடிதம் எழுத உயர்ந்த தாளாக வாங்கி நாலு ஓரமும் கொடி வரைந்தாள். கொடியில் பூ வைப்பதற்குள் தங்கையே நேரில் வந்து அழுதுவிட்டுப் போய்விட்டாள். தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நல்ல கொடி. குறை சொல்ல முடியாது.

ஆக, முகப்பார் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

மீட்டர் ரிப்பேரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போகிறேன் என்றுதான் அவர் கம்ப்யூட்டரையே வாங்கினார். அவர் மனைவி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். வரைகிற மென்பொருள் ஒரு சிஸ்டத்தில்தான் ஓடும், முகப்பாருக்குப் பிடித்தது இன்னொரு சிஸ்டம். சண்டை வேண்டாம் என்று இரண்டையும் வைத்தார்கள். அன்றைக்கு முதன்முதலாக அந்தப் பட்டியல் திரையில் வந்து நின்றது. கறுப்புத் தரை, வெளுத்த எழுத்து. முகப்பார் அதைப் பார்த்தார். புத்தகம் அன்றோடு போச்சு.

இந்த அலங்காரிகளின் பிழைப்பில் ஒரு விசேஷமான துன்பம் உண்டு. வேறு எதை அலங்கரித்தாலும் அலங்கரித்த கையோடு பார்த்துக்கொள்ளலாம். பூட் மெனுவை அப்படிப் பார்க்க முடியாது. எழுத்தை ஒரு நூல் பெரிதாக்கினால், அது எப்படி இருக்கிறது என்று தெரிய மொத்தக் கம்ப்யூட்டரையும் அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பார்த்தது போதவில்லையா? உள்ளே போய், மாற்றி, மறுபடி அணைத்துப் போட வேண்டும். ஒரு விடுமுறை நாளில் முகப்பார் பதினேழு தடவை அணைத்துப் போட்டதாக அவர் அக்காவே எண்ணியிருக்கிறாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே இல்லை, சுமை மட்டும்தான்.

அடுத்த துன்பம், அந்த நேரத்தில் திரையை அந்தக் கம்ப்யூட்டரால் படம் பிடிக்க முடியாது. செல்போனால்தான் எடுக்க வேண்டும். முகப்பாரின் செல்போனில் அப்படி முந்நூற்று நாற்பது படங்கள் இருந்தன. மலை மேல் மெனு, கடல் மேல் மெனு, நட்சத்திரத்துக்கு நடுவே மெனு. எல்லாவற்றிலும் கண்ணாடியில் பிரதிபலித்து, பனியனோடு செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவரும் இருந்தார். இந்தப் படங்களை அவரைப் போன்றவர்கள் இருநூறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அனுப்புவார். அவர்கள், “வரிக்கு வரி இடைவெளி இன்னும் ரெண்டு புள்ளி குறைச்சா தூக்கும்” என்று பதில் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காக இவர் மறுபடி அணைத்துப் போடுவார்.

“உள்ள போய் என்னதான்டா பண்ணுவ?” என்று ஒரு நாள் அக்கா கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள், வருகிறவன் எந்த டாக்டருக்கு வந்தான் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

“உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்க்கா இருக்கும். வாசல்லதான் மனுஷன் யாருன்னு தெரியும்.”

“நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்கறேன்.”

உண்மையில், உள்ளே போய் அவர் மழை வருமா என்று பார்ப்பார். வராது என்று தெரிந்ததும் அணைத்துவிடுவார். புத்தகத்துக்கு முதல் பக்கம் மட்டும் தயார், சுற்றிலும் குழாய் வளைந்து போகிற மாதிரி கரை கட்டி.

இதையெல்லாம் மனைவி பொறுத்துக்கொண்டார். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத மனிதர், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மனைவி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு டீ டம்ளரை எடுப்பார். கண் டம்ளரில் இருக்கும்போதே கை கீழ் அம்பை இரண்டு தடவை தட்டி என்டரை அழுத்தும். மலையா, கடலா, நட்சத்திரமா என்று அவருக்குத் தெரியாது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் தெரியாது. இது முகப்பாருக்கு உள்ளூர ஒரு முள்.

இப்படி இருக்கும்போது அந்த இன்டர்வியூ வந்தது.

மனைவிக்கு நாற்பத்துமூன்று வயது. பிள்ளைக்காக வேலையை விட்டுப் பதினொரு வருஷம். மறுபடி வேலை தேடி இரண்டு இடத்துக்குப் போனார், இரண்டு இடத்திலும், “இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்களா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. பாலமும் ஆஸ்பத்திரியும் கட்டுகிற பெரிய கம்பெனி. வீடியோவில்தான் பேசுவார்கள், பத்து மணி என்றால் பத்து மணி. வரைந்த படங்களைத் திரையில் விரித்துக் காட்டி விளக்க வேண்டும். இதுவும் போனால் பென்சிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

முதல் நாளே முகப்பாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்குக் காலையில இந்தப் பெட்டியை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாக்காதீங்க.”

“ஒரு தடவைகூடப் போடமாட்டேன். போதுமா?”

“என் பக்கம் திறந்து வச்சா போதும். நான் ஒன்பதரைக்கு வந்து உக்காந்துப்பேன்.”

முகப்பார் அலுவலகத்துக்கு லீவு போட்டார். உதவி செய்வதற்கு. இந்த இனத்தவர் உதவி செய்யக் கிளம்பினால் நாம் சாமான்களை எடுத்து மேலே வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போடப் போனார். முகப்பார் வானிலை பார்ப்பதற்காகத் தன் சிஸ்டத்தைத் திறந்தார். திறந்தவருக்கு மனம் உருகியது. இன்றைக்கு அவளுக்குப் பெரிய நாள். இன்றைக்காவது அவள் வாசலை நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? பார்த்ததும் ஒரு தெம்பு வர வேண்டாமா? தேடினார். பதினாறு வருஷத்துக்கு முன் அவரே எடுத்த படம் ஒன்று கிடைத்தது. ஜன்னலோரம் வரைபட மேசை, மேசையில் விரித்த தாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மனைவி குனிந்து நிற்கிறார். அருமையான வெளிச்சம். அதை மெனுவுக்குப் பின்னால் வைத்தார்.

மூன்றாவது வரியில் இருந்த மனைவியின் சிஸ்டத்தை மரியாதையாக முதல் வரிக்கு ஏற்றினார். ஏற்றிப் பார்த்தால் அந்த வரி படத்தில் முழங்கைக்குக் கீழே வந்தால் அழகு என்று தோன்றியது. நாலாவதுக்கு இறக்கினார். பிறகு ஐந்தாவதுக்கு. மறுபடி ஏற்றினார், அல்லது ஏற்ற நினைத்தார். விநாடி ஓடுகிற எண் அவளைப் பதற்றப்படுத்தும் என்று அதையும் எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்து, அணைத்துப் போட்டுப் பார்க்கக் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்திருக்கிறாரே. அந்த மனிதர் தன் வாழ்நாளில் சோதித்துப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அது அன்றைக்கு.

ஒன்பது முப்பத்தைந்துக்கு மனைவி வந்தார். தைரியம் சொல்ல அக்காவும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“என் பக்கம் திறக்கலையா?”

“இதோ. நீயே திறக்கணும்னுதான் வச்சிருக்கேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்க.”

“ஏங்க.”

“மூடிக்கயேன்.”

அணைத்துப் போட்டார். திரை வெளுத்தது. ஜன்னல் வந்தது, மேசை வந்தது, இருபத்தேழு வயது மனைவி காதில் பென்சிலோடு வந்து நின்றார். மனைவி கண்ணைத் திறந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசலைப் பார்த்தார்.

“இது எப்ப எடுத்தீங்க?” குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. முகப்பாருக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று வருஷ உழைப்புக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்த கேள்வியும் வந்தது.

“சரி, பட்டியல் எங்க?”

முகப்பார் பார்த்தார். சுவர் வெள்ளை. தாள் வெள்ளை. மனைவியின் சட்டை வெள்ளை. போன வாரம் நட்சத்திர வானத்துக்குப் பொருத்தமாக அவர் தேர்ந்தெடுத்த எழுத்தும் வெள்ளை. ஐந்து வரியும் அங்கேதான் இருந்தன, பாலில் விழுந்த சோழியைப் போல.

“இருக்கு. தெரியலை, அவ்வளவுதான்” என்றார்.

மனைவியின் விரல் தன் பாட்டுக்குப் போனது. கீழ், கீழ், என்டர். திரை நீலமாகி எண்கள் ஓட ஆரம்பித்தன. பட்டியலில் யாரும் எப்போதும் தொடாத ஒரு வரி உண்டு, கம்ப்யூட்டரின் நினைவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வரி. அது இப்போது மூன்றாவது இடத்தில் இருந்தது.

“என்னடா இது?” என்றாள் அக்கா.

“மெமரி டெஸ்ட்டுக்கா. கம்ப்யூட்டருக்கு ஞாபகம் நல்லா இருக்கான்னு பாக்குது.”

“அதுக்கு இருக்கும். உனக்கு இருக்கா பாரு. இவ வரி எத்தனாவதுல வச்ச?”

இந்த இடத்தில் நீங்கள் முகப்பாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மெனுவில் எழுத்துக்கும் ஓரத்துக்கும் எத்தனை புள்ளி இடைவெளி என்று கேளுங்கள், தூக்கத்தில் சொல்வார். எந்த வரி எந்த இடத்தில் என்று கேட்டால்? அவர் பார்த்ததெல்லாம் முழங்கை அல்லவா?

“முதல்ல வச்சேன். அப்புறம் இறக்கினேன். அப்புறம் ஏத்தின மாதிரி ஞாபகம்.”

அணைத்துப் போட்டு முதல் வரியை அழுத்தினார்கள். முகப்பாரின் சிஸ்டம் திறந்தது. அது திறக்கும்போது மூன்று தடவை அலை அடித்து, சூரியன் உதித்து, பிறகுதான் ஆளை உள்ளே விடும். அந்தச் சிங்காரமும் அவர் கைவேலைதான். சூரியன் உதிக்கும் வரை மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது நாற்பத்தெட்டு. மறுபடி அணைத்துப் போட்டு இரண்டாவது வரி. பழுதானால் மட்டும் திறக்கிற கறுப்பு அறை. ஒன்பது ஐம்பத்துநாலு.

“இன்னும் ரெண்டே வரிதான் பாக்கி” என்றார் முகப்பார்.

“கண்டுபிடிச்சாலும் வரைபடம் திறக்க ஏழு நிமிஷம் ஆகும்.” மனைவி எழுந்துவிட்டார். அலமாரிக்கு மேலே கை நீட்டி அட்டைக் குழாயை இறக்கினார். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் கையால் போட்ட படங்கள், ஆள் அகலத் தாள்கள். செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். “அண்ணி, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. ஏங்க, நீங்க இந்தப் பக்கம். தாளுக்குப் பின்னால நில்லுங்க. மூஞ்சி தெரியக் கூடாது.”

முகப்பார் பிடித்தார்.

பத்து மணிக்குச் செல்போனில் மூன்று பேர் தோன்றினார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், தலைமைப் பொறியாளர்.

“கம்ப்யூட்டர்ல விரிச்சுக் காட்டுவீங்கன்னு எழுதியிருக்கே?”

“கம்ப்யூட்டர் இன்னைக்கு ரொம்ப அழகா இருக்குங்க மேடம். வேலைதான் செய்யலை. கையால போட்டதைக் காட்டறேன்.”

தாளுக்குப் பின்னால் முகப்பார், நம்மால் போச்சு என்று நினைத்தார். மூன்று வருஷத்தில் அவர் நினைத்தவற்றிலேயே சரியான நினைப்பு அதுதான்.

“இடது பக்கம் விரல் நாலு தெரியுதே, அது யாரு?”

“என் வீட்டுக்காரர் மேடம்.”

“கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. தலைப்பை மறைக்குது.”

முகப்பார் இறக்கிப் பிடித்தார். முக்கால் மணி நேரம். மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. தோள் கழன்றது, மாற்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் கண் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் தாளைத் துளைத்துக்கொண்டு வந்ததில் கோடுகளெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன. அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. படிக்கட்டு மட்டும் ஏழெட்டுத் தடவை அழித்து அழித்துப் போடப்பட்டிருந்தது. தாள் அந்த இடத்தில் தேய்ந்து மெலிந்திருந்தது. மனைவி என்ன வரைகிறார் என்று அவர் உள்ளே போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் பின்பக்கத்திலிருந்து.

அப்போது அந்த அம்மாள் கேட்டார். “எல்லாம் சரி. இதுக்கு முகப்பு ஏன் இவ்வளவு சாதாரணமா இருக்கு? உங்க கையில வேலை இருக்கே, கொஞ்சம் எடுப்பா போட்டிருக்கலாமே?”

“முகப்பு முன்னால யாரும் நிக்கமாட்டாங்க மேடம். வலியோட வர்றவங்க அதைப் பாக்காமத்தான் உள்ள ஓடுவாங்க. அவங்க திணறறது படிக்கட்டுல. அதனால யோசனையெல்லாம் அங்க வச்சேன். படி உயரம் ஒவ்வொண்ணும் அரை அங்குலம் குறைச்சிருக்கேன், பாருங்க.”

அக்கா தாளுக்குப் பின்னாலிருந்து தம்பியைப் பார்த்தாள். தம்பி தாளைப் பார்த்தார்.

“பதினொரு வருஷம் சும்மா இருந்தீங்களா?” ஓரத்தில் இருந்தவர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி எல்லா வாசலிலும் உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

“இல்லைங்க. இந்தப் படிக்கட்டைத்தான் போட்டுட்டிருந்தேன். படி ஏற முடியாம நின்ன மாமியார், நான் தூக்கிட்டு ஏறின பிள்ளை, எல்லாம் அதுல இருக்கு.”

நரைத்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தத் தேய்ஞ்ச இடத்தைக் கிட்ட கொண்டு வாங்க.” செல்போனுக்கு அருகில் தாளை நகர்த்தினார்கள், முகப்பாரும் தாளோடு நகர்ந்தார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

“திங்கட்கிழமை வந்து சேந்துடுங்க. இந்தத் தாளையும் எடுத்துட்டு வாங்க. பிடிச்சிக்க ஆள் வேண்டாம், இங்க ஆணி இருக்கு.”

செல்போன் அணைந்த பிறகும் முகப்பார் கையை இறக்கவில்லை. இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி வந்து தாளை வாங்கிச் சுருட்டினார்.

“படம் நல்லாதான் இருந்தது” என்றார். “அந்தச் சட்டையை எனக்கு ஞாபகமே இல்லை.” அப்புறம், “அதை எடுத்துடுங்க” என்றார்.

எடுத்தார். நம்புங்கள், அன்று மத்தியானமே எடுத்தார். கறுப்புத் தரை, வெளுத்த எழுத்து, மூன்றாவதாக மனைவியின் வரி, பத்து விநாடி. முதன்முதலாகத் திரையில் வந்து நின்ற நாளில் எப்படியோ அப்படி. ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. மீட்டர் புத்தகத்தில் இரண்டு பக்கம்கூட எழுதினார், கசிவைப் பற்றி. பத்தாம் நாள் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் அணைந்து எரிகிற சத்தம் கேட்டது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்லை. கறுப்புதான். ஆனா எந்தக் கறுப்புன்னு பாக்கறேன்.”

மனைவி நிற்கவில்லை. அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. முகப்பார் போன்றவர்கள் எங்கோ இருக்கிறார்கள், நமக்கென்ன வந்தது என்று நாற்காலியில் சாய்ந்திருப்பீர்கள். அந்த நாற்காலியை இப்போதுதானே, படிக்கிற வெளிச்சம் சரியில்லை என்று இரண்டு தடவை திருப்பிப் போட்டீர்கள்? போகட்டும், அது ஒரு குற்றமா. உங்கள் செல்போனைக் கொஞ்சம் காட்டுங்கள். முகப்பில் என்ன படம் வைத்திருக்கிறீர்கள்? அடடே, நன்றாகத்தான் இருக்கிறது. மணி காட்டுகிற எண் மட்டும் படத்தில் இருக்கிறவரின் நெற்றியில் ஒரு நூல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.